காவல் பெயர்

வெள்ளிக்கிழமை பதினொன்றரை மணிக்கு மோனிஷாவின் மேசைக்கு வந்த பட்டியலில் மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு மின்னஞ்சல் முகவரிகள் இருந்தன. ஒருவருக்குக்கூடத் தொண்ணூற்றைந்துக்குக் கீழே எண் இல்லை. பதினேழு வருடத் தொழிலில் அவள் இப்படி ஒரு பட்டியலைக் கண்டதில்லை. வேறு யாராவது இருந்தால் துள்ளிக் குதித்திருப்பார்கள். மோனிஷா நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு சந்தேகப்பட ஆரம்பித்தாள். சந்தேகப்படுவதற்குத்தான் அவளுக்குச் சம்பளம்.

இந்தத் தொழிலைப் பற்றி இரண்டு வார்த்தை சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் பின்னால் நடந்த அடிதடி எதற்கென்றே விளங்காது. விளம்பர மின்னஞ்சல் தொல்லை தாங்காமல் மக்கள் ஒரு காலத்தில் போனைத் தூக்கிக் கிணற்றில் போடாத குறை. கடைசியில் சட்டம் வந்தது. ஒருவருக்கு விளம்பர அஞ்சல் அனுப்ப வேண்டுமானால் அவர் வாயால் சரி என்று சொன்னால் போதாது, உடம்பும் சரி என்று சொல்ல வேண்டும். ஆள்காட்டி விரலில் ஒரு கிளிப் மாட்டுவார்கள். எதிரே திரையில், கேட்கிற நிறுவனத்தின் பெயர் வரும். நாடி, வியர்வை, மூச்சு எல்லாவற்றையும் பார்த்துக் கிளிப் ஓர் எண் சொல்லும். முப்பதுக்குக் கீழே வந்தால் மறுப்பு. எண்பதுக்கு மேலே போனால் மனமார்ந்த விருப்பம். அப்படி விருப்பம் சொன்னவர்களின் பட்டியலுக்குத்தான் சந்தையில் மரியாதை; அவர்களுக்கு அஞ்சல் போனால் பத்துக்கு ஒன்பது பேர் பொருளை வாங்கிவிடுவார்கள். மிரட்டி வாங்கவும் வழியில்லை. பயந்தவனின் எண் அதலபாதாளத்துக்குப் போய்விடும். அடேயப்பா, எத்தனை மேடையில் இதைப் புகழ்ந்தார்கள்!

பட்டியல் சேகரிக்கும் நிறுவனங்கள் ஊர் ஊராக ஆள் வைத்து வீட்டுக்கு வீடு ஏறி இறங்கும். அவர்கள் கொண்டுவருவது அசலா, போலியா என்று பார்ப்பது மோனிஷாவின் வேலை. அதற்கு ஒரு வழக்கம் உண்டு. யாரையெல்லாம் போய்க் கேட்கலாம் என்று அவர்களுக்குக் கொடுக்கிற முகவரிகளுக்கு நடுவே, சோதிக்கிறவர் ஒரு பெயரை நுழைத்து வைப்பார். செத்தாலும் சரி சொல்லாத ஆளாக அது இருக்க வேண்டும். அந்தப் பெயருக்கே விருப்பம் வந்திருந்தால் பட்டியல் போலி. காவல் பெயர் என்பார்கள் அதை. முன்பெல்லாம் இல்லாத ஆளுக்கு ஒரு பெயரை வைத்து ஒரு முகவரியை உண்டாக்கினால் தீர்ந்தது. இப்போது முகவரிக்குப் பின்னால் உயிருள்ள விரல் வேண்டுமே! அதனால் சோதனைக்காரர்கள் தங்கள் சொந்தத்தில் ஒருவரைக் காவலுக்கு வைத்தார்கள். மற்றவர்கள் வருடத்துக்கு ஒருவராக மாற்றிக்கொண்டார்கள். மோனிஷா மாற்றவில்லை. அவளுக்குத்தான் கவியரசு இருந்தானே.

கவியரசு அவளுடைய தம்பி. சிங்காநல்லூரில் மோட்டாருக்குக் காயில் கட்டும் கடை வைத்திருந்தான். எதிர்த்துப் பேசாவிட்டால் அவனுக்குச் சாப்பாடு இறங்காது. வெயில் கொளுத்துகிறது என்றால் எங்கே கொளுத்துகிறது என்பான். மழை என்றால் இதெல்லாம் ஒரு மழையா என்பான். நாற்பத்தொரு வயதாகியும் கல்யாணப் பேச்சுக்கு அவன் பதில் மாறவில்லை. "யாரு வந்து கேட்டாலும், என்ன பண்ணாலும், சரின்னு மட்டும் சொல்லிடாதடா. என் வேலையே உன் கையிலதான் இருக்குது" என்று மோனிஷா சொல்லி வைத்திருந்தாள். "மாட்டேன்னு சொல்றதுக்கு எனக்கு நீ சொல்லித் தரோணுமா? போக்கா" என்றான் அவன். ஒன்பது வருடமாக வந்தவர்களையெல்லாம் ஓட ஓட விரட்டினான். வெள்ளிக் குத்துவிளக்கோடு வந்த ஒருவனைச் சுத்தியலோடு தெருமுனை வரை துரத்தியிருக்கிறான்.

பட்டியலில் அந்தப் பெயரைத் தேடினாள். இருந்தது. எண் தொண்ணூற்றொன்பது.

முதலில் அவளுக்குக் குஷிதான். நல்விருப்பம் என்ற அந்த நிறுவனத்தை நடத்தும் தங்கராசு வசமாக மாட்டினான் என்று நினைத்தாள். கிளிப்பை எப்படி ஏமாற்றினான் என்பதுதான் புரியவில்லை. தம்பியைப் போனில் பிடித்தாள்.

"டேய், நல்விருப்பத்துக்காரங்க உங்கிட்ட வந்தாங்களா?"

"வந்தாங்கக்கா."

"நீ சரின்னு சொல்லலதானே?"

"சொன்னேன்க்கா. நல்ல மனுசனக்கா அவரு."

"லூசாடா நீ? நான் என்ன சொல்லி வெச்சிருந்தேன்?"

"தப்புத்தான்க்கா."

மோனிஷா போனைக் காதிலிருந்து எடுத்துத் திரையைப் பார்த்தாள். அவன் எண்தான். பிறந்ததிலிருந்து அவன் வாயில் தப்பு என்ற சொல் மற்றவர்களைப் பற்றித்தான் வந்திருக்கிறது. வண்டிச் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பினாள்.

கடையின் ஷட்டர் பாதி இறங்கியிருந்தது. குனிந்து உள்ளே போனாள். செப்புக் கம்பிச் சுருள்களுக்கு நடுவே கவியரசு தரையில் ஒருக்களித்துக் கிடந்தான். சட்டை முதுகோடு ஒட்டிக் காய்ந்திருந்தது. அவள் அதை மெல்ல உரிக்கப் பார்த்தபோது தோலும் கூட வந்தது. முதுகில் கைவைக்க நல்ல இடம் ஒன்றுகூட இல்லை. இடது கையில் மூன்று விரல்களுக்கு நகமில்லை. வலது கை ஆள்காட்டி விரலை மட்டும் யாரும் தொடவேயில்லை. கிளிப் மாட்டுவது அந்த விரலில்தான்.

"ஐயோ சாமி! யாருடா? எந்தப் படுபாவிடா இப்படிப் பண்ணினான்?"

"ஆறிரும்க்கா. நீ அழாத."

அவள் உலுக்கி உலுக்கிக் கேட்டாள். அவன் ஏதோ கோயிலுக்குப் போய்வந்த கதைபோல நிதானமாகச் சொன்னான். செவ்வாய்க்கிழமை காலையில் இரண்டு பேர் வேனில் ஏற்றிப் பல்லடம் ரோட்டில் ஒரு குடோனுக்குக் கொண்டுபோயிருக்கிறார்கள்.

"மொதல்ல சும்மாதான் கேட்டாங்க. முடியாதுன்னேன். நாற்காலியில கட்டி ஓஸ் பைப்புல அடிச்சாங்க. முடியாதுன்னேன். மத்தவனெல்லாம் ஒரு மணி நேரத்துல தலையாட்டிருவானாமா. நான் ரெண்டு நாளு தாங்குனேன்க்கா. நீ சொல்லியிருந்தியல்ல?"

தன் வாயாலேயே தம்பியை அந்த நாற்காலியில் கட்டிப்போட்டிருக்கிறோம் என்று மோனிஷாவுக்கு உறைத்தது.

"அப்புறம்?"

"அப்புறம் நிறுத்திட்டாங்க. தங்கராசண்ணன் வந்தாரு. அவரே கட்ட அவுத்துவிட்டாரு, தண்ணி குடுத்தாரு, மூஞ்சியத் தொடச்சாரு. போதும் கண்ணு, இனி உன்னைய ஒருத்தனும் தொடமாட்டான்னாரு. எனக்கு அழுகையே வந்திருச்சு. அவரு கையப் புடிச்சு முத்தம் குடுத்தேன். அப்பத்தான் கிளிப்ப மாட்டுனாங்க." சொல்லும்போதே அவன் முகம் மலர்ந்தது. "நேத்தைக்குக் குளிர்ச்சோலைன்னு ஒரு மனைப்பிரிவுக்காரங்க மெயில் அனுப்பியிருந்தாங்க. கடையக் குடுத்துட்டு பிளாட்டா வாங்கிக்கலாமாமா. சரின்னுட்டேன். திங்கக்கெழமை மத்தியானம் பத்திரப்பதிவு."

பட்டியல் வந்து சேர்ந்ததிலிருந்து மூன்று நாள் கெடு. அதாவது திங்கட்கிழமை பகல் பதினொன்றரை மணி. அதற்குள் நல்விருப்பம் என்ற பெயரைப் பார்த்து அவன் எண் முப்பதுக்குக் கீழே வந்தால் அது மறுப்பாகப் பதிவாகும். காவல் பெயரின் மறுப்பு என்பதால் அந்த மூவாயிரத்துச் சொச்சம் பேரின் ஒப்புதலும் ரத்தாகி, விசாரணையும் வரும். வராவிட்டால் அவன் சொன்ன சரி ஆயுசுக்கும் சரிதான். வருகிற அஞ்சலுக்கெல்லாம் தலையாட்டி, கடையை இழந்து, வீட்டை இழந்து, கட்டின வேட்டியையும் எழுதிக் கொடுத்துவிடுவான். 'முடியாது' என்கிற ஒரு சொல்லைத் தம்பியின் உடம்புக்குத் திரும்ப வாங்கித்தர வேண்டும். மோனிஷாவுக்கு வேறு எதுவும் கண்ணில் படவில்லை.

காயத்துக்குக் கட்டுப் போட்டுவிட்டு மறுப்புப் பதிவு அலுவலகத்துக்கு அவனை அழைத்துப் போனாள். ரெஜினா என்ற அதிகாரி அவன் விரலில் கிளிப்பை மாட்டித் திரையில் பெயரைப் போட்டார். அவன் சிரித்தான். தொண்ணூற்றேழு.

"அடிச்சு வாங்கியிருக்காங்க மேடம். அவன் முதுகைப் பாருங்க."

"பாத்தேங்க, எனக்கும் வயிறெரியுது. அடிதடிக்குப் போலீஸ்ல எழுதிக் குடுங்க. ஆனா ஒப்புதல்னு வந்தா நான் எண்ணைத்தானுங்க பாக்க முடியும்?"

"பயந்துபோய்க் கெடக்கறானுங்க."

"பயந்திருந்தா முப்பதுக்குக் கீழ போயிருமுங்களே. சட்டமே அந்த நம்பிக்கையிலதானுங்க நிக்குது." ரெஜினா குரலைத் தாழ்த்திக்கொண்டார். "வீட்டுல இருக்கற கிளிப்புலயே போட்டுப் பாருங்க. கெடுவுக்குள்ள எறங்குச்சுன்னா தானா பதிவாயிரும். மனசு மாறாமயா போயிரும்?"

போலீஸ் ஸ்டேஷன் வாசலில் கவியரசு வண்டியை விட்டு இறங்கவே இல்லை. தங்கராசண்ணன் மேல் கேஸ் கொடுத்தால் நாக்கு அழுகிவிடும் என்றான்.

சனிக்கிழமை காலையில் மோனிஷா அந்தக் குடோனுக்கே போனாள். புத்தி கெட்ட வேலைதான். போகாமல் இருக்க அவளால் முடியவில்லை. தங்கராசு வெள்ளைச் சட்டையில் திருநீறு மணக்க உட்கார்ந்திருந்தான். எழுந்து நின்று வரவேற்று டீ வரவழைத்தான். பக்கத்து அறையில் யாரோ அம்மா, அம்மா என்று அலறிக்கொண்டிருந்தார்கள். தங்கராசு எட்டிக் கதவைச் சாத்தினான்.

"லிஸ்ட்டு எப்படிங்க மேடம்? தரம் எப்படி?"

"அதுல இருக்கற கவியரசு என் தம்பி."

"அடடா, அவருங்களா!" உண்மையிலேயே அவன் முகத்தில் மரியாதை தெரிந்தது. "தங்கமான மனுசனுங்க. எங்க ஆளுக ரெண்டு பேருக்குத் தோள்பட்டை எறங்கிப் போச்சு, அவரு எறங்கல. அதனாலதான் தொண்ணூத்தொம்பது வந்துச்சு."

"மனுசனாடா நீ?"

"சித்தே கேளுங்க. தொழில்ல இருக்கறவங்க நீங்க, உங்களுக்குப் புரியும். அடிக்கறது வேலையே இல்லீங்க. எந்த நாயும் அடிக்கும். நிறுத்தறதுதான் வேலை. எப்ப நிறுத்தோணும், நிறுத்துன நிமிசத்துல யாரு மூஞ்சி தெரியோணும், அதுலதான் தரமே இருக்குது. வலி நின்ன ஒடம்பு எதுக்க நிக்கறவன சாமின்னு நெனைக்கும். கிளிப்புக்கு அதுவும் விருப்பம்தான், இதுவும் விருப்பம்தான். நான் பொய்யொண்ணும் பண்ணலீங்களே? உங்க தம்பி நெசமாவே சரின்னாரு."

மோனிஷா கையிலிருந்த டீயை அவன் முகத்தில் வீசினாள். கொதிக்கக் கொதிக்க இருந்த டீ. அவன் கன்னத்தைப் பொத்திக்கொண்டு சாய்ந்தான். அவள் கண்ணாடி டம்ளரை மேசையில் உடைத்து அவன் கழுத்தைப் பார்த்து ஓங்கினாள். பின்னாலிருந்து ஒருத்தன் வந்து அவளை அப்படியே தூக்கினான். அவளுடைய வலது கையைக் கதவு நிலையில் வைத்து அழுத்தி, கதவை ஓங்கிச் சாத்தினான். எலும்பு உடைந்த சத்தம் அவளுக்கே கேட்டது. கதவைத் திறந்தான், மறுபடி சாத்தினான். சுண்டுவிரலும் மோதிரவிரலும் பின்பக்கமாகத் திரும்பிக்கொண்டன. விட்டுவிடச் சொல்லி அவள் கத்தியதில் அவளுக்குத் தெரிந்த சாமிகளின் பெயரெல்லாம் வந்தன. மூன்றாம் முறைக்காகக் கதவு திறந்தபோது கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"போதும், உடுடா" என்றான் தங்கராசு.

கதவு சாத்தப்படவில்லை. தங்கராசு, கன்னம் சிவந்து கொப்பளித்திருந்த அந்த ஆள், அவளை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்தான். கையை மடியில் எடுத்து வைத்தான். அப்போது மோனிஷாவின் நெஞ்சுக்குள் ஒரு நன்றி பொங்கியது. எவ்வளவு நல்லவர் என்று ஒரு நினைப்பு, அவளைக் கேட்காமலே, வந்து நின்றது. நினைத்த மறுகணமே, குடித்த தண்ணீரையெல்லாம் அவன் காலடியில் வாந்தி எடுத்தாள்.

"இப்ப வெளங்குச்சுங்களா?" என்றான் அவன். "எனக்கு உங்க மேல கோவமெல்லாம் இல்லீங்க. பாத்துப் போயிட்டு வாங்க."

விளங்கத்தான் செய்தது. வீடு வரும்வரை அதையேதான் யோசித்துக்கொண்டு வந்தாள். வலி நின்றபோது எதிரில் தெரிந்த பெயரின் மேல் உடம்புக்கு ஆசை வருமென்றால், வலிக்கிறபோது தெரிகிற பெயரின் மேல்? மாவுக்கட்டு போட்ட கையோடு அன்று முழுக்க உட்கார்ந்து தம்பியிடம் கெஞ்சிப் பார்த்தாள், திட்டிப் பார்த்தாள், சத்தியம் கேட்டாள். கிளிப்பை மாட்டிப் பெயரைக் காட்டினால் தொண்ணூற்றேழுதான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்குக் கடையின் ஷட்டரை முழுவதும் இறக்கினாள். கவியரசை நாற்காலியில் உட்காரவைத்துச் செப்புக் கம்பியால் கட்டினாள். விரலில் கிளிப்பை மாட்டித் திரையை அவன் முகத்துக்கு நேரே வைத்தாள். மூலையில் கிடந்த பழைய மோட்டார் பெல்ட்டை இடது கையில் எடுத்துக்கொண்டாள்.

"கவி, இப்ப உன்னை அடிக்கப் போறேன்டா. அந்தப் பேரு வர்றப்பல்லாம் அடிப்பேன். வேற வழி தெரியலடா எனக்கு."

"எதுக்குக்கா?"

பெயர் வந்தது. அடித்தாள். காயாத புண்ணின் மேலேயே விழுந்தது. அவன் வாயைப் பிளந்தான், சத்தம் வரச் சற்று நேரமாயிற்று. திரையை அணைத்தாள், போட்டாள், அடித்தாள். தொண்ணூறு. எண்பத்தாறு.

"இவன்தான்டா உன்னை அடிச்சான்! இந்தப் பேருதான்டா! பாருடா அதை!"

"அக்கா... வேண்டாம்க்கா... அக்கா!"

அறுபது. அவள் அழுதுகொண்டே அடித்தாள். மூக்கு ஒழுகியது, துடைக்கக் கையில்லை. கட்டு அவிழ்ந்து முதுகிலிருந்து ரத்தம் நாற்காலி வழியாகத் தரையில் சொட்டியது. நாற்பத்தொன்றில் வந்து எண் நின்றுவிட்டது. என்ன அடித்தும் இறங்கவில்லை. பெல்ட்டைப் போட்டுவிட்டு அவனுடைய இடது கையைப் பிடித்தாள். நகமில்லாத மூன்று விரல்களையும் சேர்த்துத் தன் உள்ளங்கையில் வைத்து, பெயர் எரிகிற திரையைப் பார்த்தபடி, பலம்கொண்ட மட்டும் நசுக்கினாள். கவியரசு போட்ட கூச்சலில் பக்கத்துக் கடைக்காரர் ஷட்டரைத் தட்டினார். அவள் விடவில்லை. முப்பத்தைந்து. முப்பத்தொன்று. இருபத்தெட்டு.

மறுப்புப் பதிவாகிவிட்டதாகத் திரையில் எழுத்து வந்தது.

கால்மணி நேரத்தில் ரெஜினா பேசினார். விடுமுறை நாளிலும் காவல் பெயரின் மறுப்புக்கு அலுவலகத்தில் மணியடிக்கும். பட்டியல் முடக்கப்பட்டுவிட்டது, மூவாயிரத்து நூற்றுப் பன்னிரண்டு பேரின் ஒப்புதலும் செல்லாது, பல்லடத்துக்கு ஜீப் போய்க்கொண்டிருக்கிறது, குளிர்ச்சோலைப் பத்திரமும் நடக்காது. "நான்தான் சொன்னேனுங்களே, மனசு மாறும்னு!" என்று சந்தோஷமாகச் சொல்லிவிட்டுப் போனை வைத்தார்.

மோனிஷா கம்பியை அவிழ்த்தாள். அவன் சரிந்தான். தாங்கிப் பிடித்து மடியில் தலையை வைத்துக்கொண்டு, குடத்திலிருந்து தண்ணீர் மொண்டு கொஞ்சம் கொஞ்சமாக ஊட்டினாள். துப்பட்டாவால் அவன் முகத்தைத் துடைத்தாள். "முடிஞ்சுதுடா சாமி. எல்லாம் முடிஞ்சுது. ஜெயிச்சுட்டோம்டா." சின்ன வயதில் அவனுக்குக் காய்ச்சல் வந்தால் செய்ததைத்தான் செய்தாள். வேறெதையும் அவள் யோசிக்கவில்லை.

கவியரசு கண்ணைத் திறந்து அவளைப் பார்த்தான். பார்த்துக்கொண்டே இருந்தான். கண்ணீர் பொலபொலவென்று கொட்டியது. மாவுக்கட்டு போட்ட அவளுடைய கையை இரண்டு கையாலும் எடுத்து முத்தம் கொடுத்தான்.

மோனிஷாவுக்கு ஒரு கணம் சந்தோஷமாகத்தான் இருந்தது. பிறகு அந்த முகம் அவளுக்குப் புரிந்தது. தங்கராசைப் பற்றிச் சொன்னபோது மலர்ந்த அதே முகம்.

"கவி, எந்திரிடா. எங்கூடச் சண்டை போடு."

"சரிக்கா."

"சரிங்காதடா! உன்னைப் போட்டு அந்த அடி அடிச்சிருக்கேன். கோவம் வரலியா? வாய்க்கு வந்தபடி திட்டுடா என்னை. கண்ணு, உன்னைக் கும்பிடறேன், ஒரே ஒரு வாட்டி திட்டுடா."

அவன் சிரமப்பட்டு எழுந்து உட்கார்ந்தான். அவள் அழுவது அவனுக்குப் பொறுக்கவில்லை. அவள் முகத்தையே ஆசையாகப் பார்த்துக்கொண்டு, கவனமாகக் கேட்டான்.

"என்னன்னு திட்டோணும், சொல்லுக்கா."